ஏழு கன்னியர் மலையும் இரண்டு சாட்சிகளும்

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, மார்ட்டின்எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. சுரபாயாவிலிருந்து வந்து, கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கி, ஜித்தா போகவேண்டிய விமானம். ஹஜ் கடமைக்குப் புறப்பட்ட 182 இந்தோனேசியப் பயணிகளும் 9 பணியாளர்களுமாக 191 பேரும் மாண்டார்கள். இலங்கையில் இதைவிடப் பெரிய விமான விபத்து நடந்ததில்லை.

விமான நிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள் என்றது விசாரணை. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் சார்ந்திருந்ததே அந்தத் தடுமாற்றத்துக்கு இடம்கொடுத்தது என்றும் கருதியது. ‘விமானியின் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது. இரண்டு கருவிகளின் சொல்லும் எப்படி ஒரே நம்பிக்கையாகத் திரண்டது என்ற கேள்வி அப்போது கேட்கப்படாமலே போய்விடும்.

டொப்ளர் கருவி தரையை நோக்கி அலைக்கற்றைகளை அனுப்பி, திரும்பிவரும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் அறிகிறது. இடத்தை அது நேராகக் காண்பதில்லை. தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து கூட்டிக்கூட்டிக் கொண்டுவருகிறது. பிழையும் கூடவே கூடிவரும். கடல்மேல் பறக்கையில் நீரின் அசைவும் கணக்கைக் குழப்பும். சுரபாயாவுக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். மோதிய இடமோ கொழும்புக்குக் கிழக்கே சுமார் 40 கடல் மைல், அதாவது 74 கிலோமீற்றர். முழுப் பயணத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 2கூட இல்லை. அந்த 2க்குள்தான் மலைநாட்டின் மேற்கு விளிம்பு நிற்கிறது.

ராடரைத் தரைநோக்கித் திருப்பினால் திரையில் கடல் இருளாகவும் நிலம் வெளிச்சமாகவும் விழும். அதில் ஊர்ப்பெயர் எழுதியிராது. கரை இது, மலை இது என்று பார்ப்பவரே அடையாளம் சொல்லவேண்டும். ‘வந்துவிட்டோம்’ என்று டொப்ளர் முன்பே சொல்லியிருந்தால், மங்கிய வளைவொன்று மேற்குக் கரையாகவே கண்ணுக்குப் படக்கூடும்.

கணித அறிஞர் தாமஸ் பேய்ஸ் இறந்தபின், 1763இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு இங்கே கைகொடுக்கிறது. நம் ஊகம் சரியானால் ஒரு சான்று தோன்றும் வாய்ப்பு எவ்வளவு, பிழையானால் எவ்வளவு என்ற விகிதமே அச்சான்றின் வலிமை. விளக்கத்துக்காக, தொடக்கத்தில் இரு பக்கமும் சமம் என்றும், ஒவ்வொரு கருவியும் ஊகத்தை 10க்கு 1 என ஆதரிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால் பெருக்கலாம்: 100க்கு 1. ராடர் படத்தை முழுக்க டொப்ளரின் சொல்வழியே வாசித்திருந்தால் இரண்டாவது சாட்சி முதலாவதன் எதிரொலி மட்டுமே. கணக்கு 10க்கு 1இலேயே நிற்கும்.

ஹட்டனில் மஸ்கெலியா பஸ் கிடைக்குமா என்று தீர்மானிக்க 10க்கு 1 தாராளம். மலைகளின்மேல் இருட்டில் இறங்க 1000க்கு 1உம் போதாது.

இரவு 10.14 அளவில் 2,000 அடிவரை இறங்க அனுமதி கிடைத்தது. ஓடுபாதை கண்ணில் பட்டதும் அறிவிக்கும்படி கேட்கப்பட்டது. இறங்க விட்டதை இடத்தை உறுதிசெய்ததாகக் கொள்ள முடியாது. விமானம் மோதியது சுமார் 4,355 அடியில்.

மூன்று நாட்களுக்கு முன், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ 514 விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். அதையடுத்து அந்நாடு தரை அண்மை எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. கனடாவில் பிறந்த டொன் பேட்மன் உருவாக்கிய அக்கருவி, விமானம் எந்த ஊரின்மேல் பறக்கிறது என்று கேட்பதே இல்லை. கீழே தரை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று ரேடியோ உயரமானி சொல்வதையே பெரிதும் கவனிக்கும். விமானி தம்மைக் கட்டுநாயக்கவில் நினைத்திருந்தாலும் நோர்ட்டன் பிரிட்ஜில் நினைத்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். டிசி-8க்குத் தேவைப்பட்டது இத்தகைய சாட்சி.

ஏழு கன்னியர் மலையின் செங்குத்தில் அந்த முதல் தலைமுறைக் கருவி போதிய நேரம் தந்திருக்கும் என்று உறுதிகூற முடியாது. கீழே மட்டும் பார்ப்பதற்கு எதிரே எழும் பாறை கடைசி நொடிகளில்தான் புலப்படும். முன்னோக்கி எச்சரிக்கும் வகை 1990களில்தான் வந்தது. செய்மதியிடம் இடத்தைக் கேட்டு, தன்னிடமுள்ள நிலப்பரப்புத் தரவோடு அது ஒப்பிடுகிறது. இடம் பற்றிய நம்பிக்கை அதில் மறுபடி நுழைந்தாலும், அது விமானியின் கணிப்பிலிருந்து வருவதில்லை.