கல்லாகிய மரங்கள்: கடலூர் மணற்கல்லும் திருவக்கரைப் பூங்காவும்

கடலூர் என்றதும் முதுநகர்த் துறைமுகமும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையும் பலருக்கு நினைவுக்கு வரும். நிலவியல் படிக்கும் மாணவருக்கு அந்தப் பெயர் ஒரு பாறையையும் குறிக்கும். ‘கடலூர் மணற்கல்’ என்ற பெயரில் அது நிலவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது. கடலூரை ஒட்டிய கேப்பர் மலையின் சிவந்த சரிவுகளில் இப்பாறையை நேரில் காணலாம்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1851-இல் தொடங்கப்பட்டது. அத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை ஆராய்ந்து 1860-களில் விரிவான அறிக்கை வெளியிட்டார். கடலூர் மணற்கல் என்ற பெயர் அந்த ஆய்வின் வழியாகவே நிலைபெற்றது. பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் முதல் தலைவராக இருந்தவரும் இவரே.

பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் பொதுவாகப் பாறைகள் ஓர் அறையிலும் தாவரங்கள் வேறோர் அறையிலும் இருக்கும். கடலூர் மணற்கல்லில் அவ்விரண்டையும் பிரிக்க முடியாது. இப்பாறைக்குள் மரங்கள் கல்லாகவும் கரியாகவும் கிடக்கின்றன. அவற்றைக் காண விரும்புவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் திருவக்கரை.

திருவக்கரைக் கல்மரப் பூங்கா

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், சங்கராபரணி ஆற்றை ஒட்டியுள்ள ஊர் திருவக்கரை. சம்பந்தர் பாடிய சிவத்தலம் இது. இங்குள்ள வக்கிரகாளியம்மன் சன்னதி புகழ்பெற்றது. ஊருக்குக் கிழக்கே சுமார் ஒரு கி.மீ. தொலைவில் தேசியக் கல்மரப் பூங்கா உள்ளது. 1940-இல் அமைக்கப்பட்ட இப்பூங்காவைப் புவியியல் ஆய்வுத்துறை பராமரித்து வருகிறது. இதன் பரப்பு 247 ஏக்கர்.

உள்ளே சென்றால் செம்மண் மேட்டில் அடிமரங்கள் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். ஏறத்தாழ 200 மரங்கள் உள்ளன. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளம் கொண்டவை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு யாரோ வெட்டிப் போட்ட மரங்கள் போலவே தோன்றும். நார் ஓட்டம், கணு, உள்வளையம் எல்லாம் தெரியும். தொட்டால்தான் கல் என்பது புரியும். இவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

இக்கற்களுக்கு ஊர்மக்கள் தங்கள் வழியில் விளக்கம் சொல்லி வந்திருக்கிறார்கள். வதம் செய்யப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகளே இவை என்பது தலக்கதை. இவை சாதாரணக் கற்கள் அல்ல, ஒரு காலத்தில் உயிருள்ள ஒன்றின் பகுதியாக இருந்தவை என்று அக்கதையைச் சொன்னவர்கள் கண்டுகொண்டிருந்தனர்.

மரம் கல்லாவது எப்படி?

விழுந்த மரம் திறந்த வெளியில் கிடந்தால் பூஞ்சையும் கரையானும் அதைத் தின்றுவிடும். மணலுக்குள் விரைவாகப் புதைந்தால் காற்று படாமல் தப்பும். மணல் வழியே ஊறும் நீரில் சிலிக்கா கரைந்திருக்கும். அந்நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, சிறிது சிறிதாகச் சிலிக்காவைப் படியவைக்கிறது. மரப்பொருள் அழியும்போதும் அதன் வடிவம் கல்லில் தங்கிவிடுகிறது. ஆகவே 2 கோடி ஆண்டுகளுக்குப் பிறகும், கல்மரத்தை ஒளி ஊடுருவும் அளவு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்நோக்கியில் வைத்தால் அது எவ்வகை மரம் என்று சொல்ல முடிகிறது.

ஐரோப்பாவுக்குச் சென்ற கல்

திருவக்கரைக் கல்மரங்களை 1781-இல் முதன்முதலாக அறிவியல் முறையில் பதிவு செய்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா. 1855-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் ஷ்லைடன் இங்குள்ள ஒரு மரவகைக்குப் ‘பியூசே ஷ்மிடியானா’ என்று பெயரிட்டார். தாவரங்கள் அனைத்தும் செல்களால் ஆனவை என்ற கொள்கையை 1838-இல் முன்வைத்தவர் இவரே. லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீர்பால் சானி 1931-இல் அம்மரத்தை மறுஆய்வு செய்து ‘மெசெம்பிரியாக்சைலான்’ என்ற பேரினத்தில் சேர்த்தார்.

ஊசியிலை மரங்களுடன் பூக்கும் தாவரங்களும் இங்கு கண்டறியப்பட்டுள்ளன. புளி, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள் அவற்றில் அடங்கும். டிப்டெரோகார்ப் எனப்படும் குங்கிலியக் குடும்பத்து மரங்களும் உள்ளன. இக்குடும்பத்தின் பல மரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மலேயாவிலும் மழைக்காடுகளில் வளர்கின்றன. வறண்ட திருவக்கரைப் பகுதியில் அவை கிடைப்பதால், அக்காலத்தில் இப்பகுதியிலோ, ஆறுகள் புறப்பட்ட இடத்திலோ ஈரமான காடு இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

நின்ற மரமா, வந்த மரமா?

திருவக்கரையில் அடிமரங்கள் மட்டுமே உள்ளன. கிளைகளோ இலைகளோ நிலத்தில் ஊன்றிய வேர்களோ இல்லை. மரங்கள் படுத்த நிலையில் இருக்கின்றன. எனவே இவை இங்கு வளர்ந்தவையல்ல, பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலோடு சேர்த்துப் புதைத்தவை என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

எவ்வகை மரம் என்ற கேள்விக்குச் சிறு துண்டு போதும். ஆய்வகத்திலேயே விடை கிடைக்கும். எப்படி வந்தது என்ற கேள்விக்கு அது கிடந்த இடமும் கிடந்த திசையும் சுற்றியுள்ள மணலும் தேவை. அழகுக்காக ஒருவர் ஒரு துண்டை எடுத்துச் சென்றால் அவர் வீட்டில் ஒரு கல் இருக்கும். இரண்டாவது கேள்விக்கான சான்று போய்விடும். செம்மண்ணுக்கும் சரளைக்கும் மேடுகளை வெட்டும்போதும் இதே இழப்புத்தான். பூங்காவைச் சுற்றி வேலி இருப்பதன் காரணம் இது. இங்கு வருவோர் ஒரு சில்லைக்கூட எடுத்துச் செல்லக் கூடாது.

நெய்வேலியும் பிச்சாவரமும்

கடலூர் மணற்கல்லின் மற்றொரு முகம் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி நிறுவனம் உருவானது; 1957-இல் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். திருவக்கரையில் மணலில் புதைந்த மரம் கல்லானது. நெய்வேலியில் காற்றுப் புகாத சதுப்பில் குவிந்த தாவரங்கள் கரியாயின.

அப்படிப்பட்ட சதுப்பு எப்படி இருக்கும் என்பதை ஓரளவு உணரச் சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் செல்லலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பரந்த அலையாத்திக் காடு இது. சுரபுன்னையும் வெண்கண்டலும் உதிர்க்கும் இலைகள் கருஞ்சேற்றில் புதைவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கு வளர்கிறது. ஊரில் அக்காடு மறைந்தாலும் பெயர் நிற்கிறது.

1929-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் உள்ளது. அதன் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்துள்ளது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடிக் குடுவைகளில் காணலாம். கண்ணாடிக்குள் இருப்பவற்றைக் கற்ற மாணவர்கள் கேப்பர் மலைச் சரிவையும் திருவக்கரை மேட்டையும் பிச்சாவரத்துச் சேற்றையும் நேரில் சென்று பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் கொண்டு போனால் போதும். கற்கள் கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். அடுத்து வரும் மாணவருக்கும் அவை வேண்டும்.