பத்து நாட்கள் எங்கே போயின?

நள்ளிரவு கடந்து பத்து நிமிடத்தில் புறப்படும் வண்டிகள் எங்கள் ரயில்வேயில் பல உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு 15ஆம் தேதியிட்ட டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, 15ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்குப் பெட்டி படுக்கைகளுடன் வந்து நிற்கும் அன்பர்களை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். "ஐயா, தங்கள் வண்டி நேற்றிரவே சென்றுவிட்டது, பன்னிரண்டு அடித்தவுடன் தேதி மாறிவிடுகிறது" என்று சொன்னால் அவர்கள் திகைத்துப் போவார்கள். அவர்கள்மீது குறை கூறுவதற்கில்லை. சூரியன் உதித்தால்தான் நாள் பிறக்கும் என்பது நம் முன்னோர் கணக்கு. ரயில்வேயின் கணக்கு வேறு. இரண்டு கணக்குகளுக்கு இடையே அகப்பட்டு வண்டியை விட்டவர் அவர்.

சரித்திரத்தைப் படிக்கும்பொழுதும் நாம் பலமுறை இவ்வாறே வண்டியைத் தவறவிடுகிறோம். நம் குடியிருப்பிலுள்ள பிள்ளைகள் தேர்வுக்காகத் தேதிகளை மனப்பாடம் செய்வதை நாள்தோறும் கேட்கிறோம். கொலம்பஸ் புதிய உலகின் கரையைக் கண்டது 1492 அக்டோபர் 12. கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் வீழ்ந்தது 1453 மே 29. இத்தேதிகள் யாவும் உண்மையே. ஆயினும் "யாருடைய கணக்கின்படி?" என்ற கேள்வியையும் உடன் கேட்டால்தான் அவ்வுண்மை முழுமை பெறும். இதனை விளக்கும் வரலாறு சுவை மிக்கது. அதனை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

பழைய உரோமாபுரியில் ஆண்டிற்கு 355 நாட்களே இருந்தன. சூரியனுடைய ஓட்டத்தோடு ஒத்துப்போவதற்காக, இடையிடையே ஓர் அதிக மாதத்தைச் சேர்ப்பார்கள். எந்த ஆண்டில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் சமயத் தலைமைக் குருமாரிடம் இருந்தது. உயர்ந்த பதவிகளின் காலம் ஓராண்டாகையால், பதவியிலிருப்பவர் நண்பராயின் ஆண்டை நீட்டுவதும் பகைவராயின் குறுக்குவதும் வழக்கமாயிற்று. அறுவடைத் திருநாள் அறுவடைக்கு வராமற்போகும் அளவுக்கு நாட்காட்டி குலைந்தது.

ஜூலியஸ் சீசர் ஆட்சியைக் கைப்பற்றியபின், அலெக்சாந்திரியா நகரத்துச் சோசிஜெனிஸ் என்னும் வானநூலறிஞரின் துணைகொண்டு இதனைச் சீர்செய்தார். சேர்ந்துவிட்ட பிழையைக் கழிப்பதற்காகக் கி.மு. 46ஆம் ஆண்டிற்கு 445 நாட்கள் அளிக்கப்பட்டன. உலகில் மாதச் சம்பளம் வாங்குவோர் அத்தகைய ஆண்டை விரும்புவரோ வெறுப்பரோ அறியேன்! கி.மு. 45 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஆண்டிற்கு 365 நாட்கள், நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் மிகை என்ற புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அம்முறையின் இரண்டாம் ஆண்டிலேயே, மார்ச் மாதம் 15ஆம் நாள், அதை வகுத்த சீசர் கொலையுண்டார். அவர் மறைந்தபின் குருமார்கள் ஒரு பிழை செய்தனர். நாம் ஒரு வாரத்தை "எட்டு நாள்" என்று முதலையும் முடிவையும் சேர்த்து எண்ணுகிறோமன்றோ? அதுபோல அவர்களும் எண்ணி, நான்காண்டுக்கு ஒருமுறை என்பதை மூன்றாண்டுக்கு ஒருமுறையாக்கிவிட்டனர். அகஸ்டஸ் பேரரசர் சில மிகை நாட்களை நிறுத்திவைத்து அதனைத் திருத்தினார். உத்தரவைத் தவறாகப் படிக்கும் அலுவலகம் இன்றுமட்டும் உள்ளதன்று என்பது இதனால் விளங்கும்.

சீசரின் கணக்கிலும் ஒரு சிறு குறை இருந்தது. பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வர 365 நாட்களும் 5 மணியும் 48 நிமிடமும் சிறிது விநாடிகளும் ஆகின்றன. அவர் வைத்ததோ 365 நாட்களும் 6 மணியும். வேறுபாடு ஏறத்தாழப் பதினொரு நிமிடமே. ஆயின் ஏறக்குறைய 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். கி.பி. 325இல் நைசியா நகரில் கிறிஸ்தவப் பெருமன்றம் கூடிய காலத்தில், பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 21ஐ ஒட்டி அமைந்தது. ஈஸ்டர் திருநாள் அந்நாளைக் கொண்டே கணிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிலோ அவ்வசந்த நாள் மார்ச் 11க்கு நழுவிவிட்டது. 13ஆம் நூற்றாண்டிலேயே ரோஜர் பேக்கன் என்னும் ஆங்கிலத் துறவி இப்பிழையைப் போப்பாண்டவருக்கு எடுத்தெழுதினார். கேட்பார் இலர். முந்நூறு ஆண்டுகள் கோப்பு நகரவில்லை.

இறுதியில் பதின்மூன்றாம் கிரெகோரி என்னும் போப்பாண்டவர் 1582 பிப்ரவரி 24ஆம் நாளிட்டு ஆணை பிறப்பித்தார். இத்தாலிய மருத்துவரான அலோசியஸ் லிலியஸ் என்பார் வகுத்த திட்டம் அதற்கு அடிப்படை. அவர் 1576இலேயே இறந்துபோனார். அவர்தம் சகோதரர் அக்கையெழுத்துப் படியை உரோமாபுரியில் அளித்தார். கிளேவியஸ் என்னும் கணித அறிஞர் அதனை ஆராய்ந்து விளக்கி நிலைநிறுத்தினார். இனி நூறால் வகுபடும் ஆண்டுகளில் நானூறால் வகுபடுவன மட்டுமே மிகை நாள் பெறும். அதனால்தான் 1900இல் பிப்ரவரி 29 இல்லை, 2000இல் இருந்தது. சேர்ந்துவிட்ட பழைய பிழையைக் களைய, 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று விதிக்கப்பட்டது. கிழமை மாறவில்லை, தேதி மட்டும் தாவிற்று. ஸ்பெயின் நாட்டுத் துறவியான அவிலா தெரேசா அம்மையார் அந்த அக்டோபர் 4ஆம் நாள் இரவு உயிர் நீத்தார். மறுநாள் அடக்கம் செய்யப்பட்டார். அந்த மறுநாள் அக்டோபர் 15!

அவ்வாறாயின் பத்து நாட்கள் எங்கே போயின? எங்கும் போகவில்லை. யாருடைய வாழ்நாளிலும் ஒரு மணிகூடக் குறையவில்லை. குறைந்தது ஏட்டில் எழுதும் எண் மட்டுமே.

போப்பாண்டவரின் ஆணையாதலால் கத்தோலிக்க நாடுகள் முதலில் ஏற்றன. பிற நாடுகள் பல மறுத்தன. இங்கிலாந்து 170 ஆண்டுகள் தாமதித்தது. 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று மாற்றியது. "எங்கள் பதினொரு நாட்களைத் திருப்பித் தாருங்கள்" என்று ஆங்கில மக்கள் கலகம் செய்தனர் எனப் பல நூல்கள் கூறும். அதற்குத் தக்க சான்றில்லை என்பதே இக்கால ஆராய்ச்சியாளர் முடிவு. ரஷ்யாவோ 1918 வரை பழைய கணக்கிலேயே இருந்தது. அதனால்தான் அந்நாட்டின் "அக்டோபர்ப் புரட்சி" நவம்பர் 7இல் கொண்டாடப்பட்டது.

இவ்வேற்றுமையால் விளைந்த மயக்கங்கள் பல. ஷேக்ஸ்பியர் மறைந்தது 1616 ஏப்ரல் 23. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் மறைந்ததும் அதே நாள் என்பர். செர்வாண்டிஸ் உயிர் நீத்தது 22ஆம் தேதி. 23 அடக்கம் நிகழ்ந்த நாள் என்பது ஒருபுறமிருக்க, இருவர் நாட்டுக் கணக்கும் வேறு. ஆங்கிலேயரின் அந்த ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. கலிலியோ இறந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று என் மகள் தன் பாடக்குறிப்பை ஒருநாள் படித்துக் காட்டினாள். கலிலியோவின் தேதி புதிய கணக்கு. நியூட்டனின் 1642 டிசம்பர் 25 பழைய கணக்கு. ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. அழகான கதை ஒன்று அதனால் கலைந்தது. அவள் முகம் வாடியது உண்மையே.

நம் தமிழகக் கரையிலும் இம்மயக்கம் இருந்தது. சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதைப் பிரெஞ்சு ஏடுகள் 1746 செப்டம்பர் 21 என்றும், ஆங்கில ஏடுகள் செப்டம்பர் 10 என்றும் குறிக்கும். இரண்டும் ஒரே புதன்கிழமை. புதுச்சேரியில் வாழ்ந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அது அட்சய வருடம் புரட்டாசி மாதம். தம் குறிப்புகளில் அவர் தமிழ்த் தேதியையும் ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதிவைத்தார். பின்வந்த ஆராய்ச்சியாளருக்கு அது பேருதவியாயிற்று.

அதற்கும் முன்னே நம் மன்னர்கள் ஆட்சியாண்டைக் கொண்டே காலத்தைக் குறித்தனர். இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கக் கலசம் அளித்தது, அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டுக் கூறுகிறது. அது 1010ஆம் ஆண்டு. கல்வெட்டுகளில் காணும் திதி, கிழமை, நட்சத்திரங்களை இன்றைய தேதிகளோடு ஒப்பிட்டறிய வழிசெய்த பெருமக்களுள் நம்மவரான எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை தலைசிறந்தவர். கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாட்களை அவர் கணித்துத் தொகுத்த பெருநூல் 1922இல் வெளியாயிற்று.

பிறர் பிழையைப் பேசும் நாம் நம் கணக்கையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும். சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு, பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீண்டது. அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவி, வசந்த சமநாளை ஒட்டியிருந்த சித்திரைப் பிறப்பு இன்று ஏப்ரல் 14இல் நிற்கிறது. மேகநாத் சாகா தலைமையில் அமைந்த குழு இதனை ஆராய்ந்தபின், 1957 மார்ச் 22 முதல் இந்திய அரசு சக ஆண்டு நாட்காட்டியை மேற்கொண்டது. ஆயினும் நாம் சித்திரை முதல் நாளில்தான் கூடி மகிழ்கிறோம். அதில் தவறில்லை. வானத்துக் கணக்கை அறிந்திருப்பது அறிவு. ஊரோடு கூடிக் கொண்டாடுவது உறவு.

என் தந்தையார் காலமான செய்தி, ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் பணியிலிருந்த என்னை வந்தடைந்த தேதி என் நெஞ்சில் பதிந்திருக்கிறது. அவருக்குச் செய்யும் திதியோ ஆண்டுதோறும் வேறொரு தேதியில் வருகிறது. "தாத்தா இறந்த நாள் எது அப்பா?" என்று மகள் கேட்டபொழுது முதலில் விடை கூற இயலவில்லை. இவ்வரலாற்றைப் படித்தபின்னர் கூறினேன்: "இரண்டுமே அம்மா. நாள் ஒன்றுதான், அதற்கு மனிதர் இட்ட பெயர்கள் இரண்டு."

ஆகவே அன்பர்களே, ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பிறந்த நாளையும், நம் பெரியோர் மறைந்த நாளையும் இல்லத்துக் குறிப்பேட்டில் எழுதும்பொழுது ஆங்கிலத் தேதியோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ் வருடம், மாதம், கிழமை, நட்சத்திரம், ஊர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தொலைதூரத்தில் வளரும் நம் பேரக்குழந்தைகள் எந்தக் கணக்கின் வழியே திரும்பிப் பார்த்தாலும், நம்மைத் தவறவிடாமல் வந்தடைவார்கள்.