மோதியவனும் விலகியவனும்

1983ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு விவாதம் எழுந்தது. 1966இலேயே ஆட்டத்தை விட்டு விலகிவிட்ட ஜிம் பிறவுண் என்னும் புகழ்பெற்ற வீரர், நாற்பத்தேழாவது வயதில் மீண்டும் மைதானத்தில் இறங்கப் போவதாக எச்சரித்தார். பந்தைத் தாங்கி ஓடி அவர் கடந்திருந்த 12,312 யார் தூரம் என்ற சாதனையைப் பிராங்கோ ஹரிஸ் என்பவர் நெருங்கிக்கொண்டிருந்தார். சாதனை முறியடிக்கப்படுவது பிறவுணைப் பெரிதாக வருத்தவில்லை. எதிரிகள் மோத வரும்போது ஹரிஸ் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒதுங்கிவிடுகிறார், அத்தகையவர் தம் இடத்துக்கு உரியவரல்லர் என்பதே அவரின் குற்றச்சாட்டாகும்.

பந்தோடு ஓடுபவன் மோதவேண்டுமா, விலகவேண்டுமா? விளையாட்டு இரசிகரின் வீண்பேச்சென்று இதனைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஓர் உழைப்பாளியின் உடல் எவருக்குச் சொந்தம் என்ற பழைய வினாவே இங்கு வேறோர் உடையில் வந்து நிற்கிறது.

அமெரிக்கக் காற்பந்து, நம் நாட்டு மைதானங்களில் நாம் காணும் றகர் ஆட்டத்தின் வழிவந்தது. எனினும் ஒவ்வொரு மோதலின் பின்னும் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்குவதால், மோதலே அதன் அடிப்படை அலகாகிவிட்டது. றணிங் பாக் எனப்படும் ஓட்டக்காரன் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் திரளுக்குள் ஓடவேண்டும். ஒரே ஆட்டத்தில் இருபது தடவைக்கு மேல் அவனை வீழ்த்துவதும் உண்டு.

இந்த வன்மைக்குக் கொள்கை விளக்கம் கொடுத்தவர்கள் முதலில் செல்வர்களே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஹாவர்ட், யேல், பிறின்ஸ்ரன் முதலிய பல்கலைக்கழகங்களின் ஆட்டமாக இருந்தது. ஆளப்பிறந்த இளைஞரை உரம்பெறச் செய்யும் பயிற்சி என அதனைப் போற்றினர். 1905இல் மரணங்கள் பெருகியபோது ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அப்பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவர் ஆட்டத்தை ஒழிக்க விரும்பவில்லை. கரடுமுரடான ஆட்டம் ஆண்மையை வளர்க்கும் என நம்பியவர் அவர். 1906இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. ஆனால் மோதுபவனே வீரன் என்ற கருத்து மட்டும் திருத்தப்படவில்லை.

ஆட்டம் தொழிலாக மாறியபின் அந்தக் கருத்தின் பாரம் வேறு தோள்களுக்கு இடம்மாறியது. 1934 முதல் 1945 வரை தேசியக் காற்பந்துச் சங்கத்தில் ஒரு கறுப்பின வீரர்கூட இருக்கவில்லை. 1946இல் கதவு திறந்தது. இன்று ஆடுவோரிற் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அணிகளின் உரிமையாளர்களோ ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். முன்பு செல்வர் மகனின் அணிகலனாயிருந்த வீரம், இப்போது வறியவன் மகனிடம் எதிர்பார்க்கப்படும் வேலைத்திறனாயிற்று.

இந்த மாற்றத்தின் விலையை ஏர்ல் கம்பெல் செலுத்தினார். டெக்சஸ் மாநிலத்தின் ரைலர் நகரில், ரோசாத் தோட்டங்களில் உழைத்த குடும்பத்தின் பதினொரு பிள்ளைகளில் ஒருவர் அவர். 1978இல் ஹூஸ்ரன் அணியிற் சேர்ந்தார். எதிர்ப்பட்டவரைச் சுற்றிச் செல்வது அவரின் வழக்கமன்று. அவர்களை ஊடறுத்துச் செல்வார். 1980இல் மாத்திரம் 373 தடவை பந்தைத் தாங்கி 1,934 யார் ஓடினார். அரங்கங்கள் ஆர்ப்பரித்தன. எட்டுப் பருவங்களில் உடல் தேய்ந்தது. பின்னாளில் முதுகெலும்புச் சத்திரசிகிச்சைகளும், ஊன்றுகோலும், சக்கர நாற்காலியும், நோவு மாத்திரைகளுக்கு அடிமையாகி 2009இல் சிகிச்சை பெறவேண்டிய நிலையும் அவருக்கு வாய்த்தன. ஆர்ப்பரித்தவர்கள் அப்போது வேறோர் ஓட்டக்காரனைக் கண்டுகொண்டிருந்தனர்.

மறுபுறம் பரி சான்டர்ஸ். டிற்றொயிற் அணிக்காக 1989 முதல் 1998 வரை ஆடிய இவர் ஐந்தடி எட்டு அங்குல உயரமே உடையவர். கைக்கெட்டும் தூரத்தில் நின்று கைக்கெட்டாமல் நழுவுவது அவரின் கலை. பத்துப் பருவங்களில் 15,269 யார் கடந்தார். வோல்ட்டர் பேற்றனின் 16,726 என்ற சாதனை ஒரு பருவத் தொலைவில் நின்றபோது, 1999இல், தம் சொந்த ஊர்ப் பத்திரிகைக்குத் தொலைநகல் மூலம் ஓர் அறிக்கை அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் துறந்தார். அப்போது வயது முப்பத்தொன்று. அணி நிர்வாகமோ கொடுத்த ஒப்பந்த முற்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டது.

அப்படியானால் பிறவுண் முதலாளிகளின் குரலா? அவ்வாறு கூறுவது அநீதி. ஒன்பது பருவங்களில் ஓர் ஆட்டத்தையேனும் தவறவிடாதவர் அவர். ஒவ்வொரு முறை வீழ்த்தப்பட்ட பின்னரும் மெதுவாகவே எழுவார். உண்மையில் நோகிறதா இல்லையா என எதிரிக்குத் தெரியலாகாது என்பது அவரின் எண்ணம். 1966இல் இங்கிலாந்தில் ஒரு திரைப்படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, பயிற்சிக்கு வராவிட்டால் தண்டம் விதிப்பேன் என அணியின் உரிமையாளர் மிரட்டினார். பிறவுண் பணியவில்லை, முப்பது வயதில், புகழின் உச்சியில், ஆட்டத்தையே துறந்தார். மோதலைப் போற்றிய அவரும் தம் உடலைப் பிறர் கணக்கில் எழுத மறுத்தவரே. தமக்கு மானமாக இருந்ததை எல்லோருக்கும் கடமையாக்கியதே அவர் செய்த பிழை என நாம் கருதுகிறோம்.

ஹரிஸின் முடிவும் கவனிக்கத்தக்கது. பிற்ஸ்பேர்க் அணிக்கு நான்கு தடவை வெற்றிக்கிண்ணம் பெற்றுத்தந்தவர்களில் ஒருவர் அவர். 1984இல் ஊதியத் தகராறு எழுந்ததும் அணி அவரை விடுவித்தது. வேறோர் அணியில் சில ஆட்டங்கள் ஆடி, பிறவுணின் சாதனைக்கு 192 யார் குறைவாக 12,120இல் நின்றுபோனார். எனவே மோதியவனையும் நிர்வாகம் காக்கவில்லை, விலகியவனையும் காக்கவில்லை. தனியொருவனின் ஓட்ட நடை அவன் உடலைச் சில ஆண்டுகள் காக்கலாம். அவன் உரிமையைக் காக்காது. 1982இலும் 1987இலும் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், நீதிமன்றம் சென்றதும், 1993இல் அணி மாறும் சுதந்திரத்தைப் பெற்றதும் இதனை உணர்ந்ததன் விளைவே.

அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. நைஜீரியாவிற் பிறந்த மருத்துவர் பெனற் ஒமாலு, 2002இல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற வீரரின் மூளையை ஆராய்ந்து, தொடர்ந்த மோதல்களோடு தொடர்புடைய சிதைவை எடுத்துக்காட்டினார். பின்னர் நட்டஈட்டுத் திட்டம் பிறந்தது. அதில் கறுப்பின வீரர்களின் சிந்தனை ஆற்றல் தொடக்கத்திலேயே குறைந்தது எனக் கொள்ளும் அளவுகோல் பயன்படுத்தப்பட்டது. அதனால் மூளை பழுதுற்றதை அவர்கள் நிரூபிப்பது கடினமாயிற்று. நஜே டவன்போர்ட் என்ற முன்னாள் ஓட்டக்காரர் உட்பட இருவர் வழக்குத் தொடுத்த பின்னரே, 2021இல் சங்கம் அதனைக் கைவிட உடன்பட்டது. மோதும்போது வீரன் என்றவர்களே, நோயுற்றபோது அவன் அறிவு முன்பே குறைந்தது என்றனர்.

ஆகவே எல்லைக்கோட்டில் ஒதுங்கிய ஹரிஸை நாம் கோழையென்று அழைக்கமாட்டோம். வீரம் என்னும் சொல்லை எவர் சொல்கிறார், எவர் அதன் விலையைக் கொடுக்கிறார் என்று கேட்கவே வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. பிறருடைய எலும்பைக் கொண்டு வீரத்தை அளப்பவர்களின் கைத்தட்டல், எந்தத் தொழிலாளிக்கும் கூலியாகாது.