வடக்கன்குளத்துச் சுவர்

திருத்தணி வட்டாரத்தில் ஆசிரியப்பணி புரியும் நாம், சாதி குறித்துப் பேசும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "அதெல்லாம் அந்தக் காலம், ஐயா." 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்தை மாணவர் அறிவர். மலைக்கோயிலின் 365 படிகளில் இன்று எவரும் ஏறலாம் என்பதும் கண்கூடு. ஆகவே உள்ளூரை விட்டு, சாதியை ஏற்காத சமயம் ஒன்றிலிருந்து தொடங்குவதே நம் வழக்கமாயிற்று.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் பீடம் ஒன்று. அதனை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் உள்ளிட்ட பிறர். இடையே சுவர். கவட்டைபோல் பிரிந்த அவ்வமைப்பைக் கால்சட்டைக்கு ஒப்பிட்டோரும் உண்டு. அங்கு வளரும் குழந்தைக்குச் சாதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாய் எந்த வாயிலில் நுழைகிறாள் என்று பார்த்தாலே போதும். பூசை வைக்கும் குரு மனத்தளவில் எவ்வளவு நல்லவராயினும் செங்கல் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். தனிமனிதரின் வெறுப்பு வேறு, அமைப்பின் பாகுபாடு வேறு என்பதை மாணவருக்கு விளக்க இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிக்கச் செய்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் ஏறியது; வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றும் தனியிட உரிமை கிடைக்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இதனை விரிவாகப் பேசுகிறது.

சீர்திருத்தச் சபையிலும் இதே கதைதான். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே விட வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் எதிர்ப்பு மூண்டது. எதிர்த்தோருள் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவர்தம் கீர்த்தனைகளை நயந்து பாடம் சொல்லும் நமக்கு இது கசப்பான செய்திதான், ஆயினும் மறைப்பதற்கில்லை.

சுவர் இடிந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சம உரிமையும் தனிப்பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் மாண்டனர். "அந்தக் காலம்" என்ற சொல் வகுப்பில் அடங்குவது இவ்விடத்தில்தான்.

இதன்பின்னரே உள்ளூருக்குத் திரும்புகிறோம். தேர் எந்தத் தெருமுனையில் திரும்புகிறது, மண்டகப்படி எவருக்கு உண்டு, இடுகாடு ஒன்றா இரண்டா, விழாக்குழுவில் எந்தத் தெருவார் இல்லை எனத் தத்தம் ஊரில் கேட்டுவரச் சொல்கிறோம். சண்டைக்குப் போக வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம். கேட்டு எழுதிவந்தால் போதும். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒத்த கருத்துள்ள பெரியவர் ஒருவரையேனும் துணைசேர்த்து, விழாக்குழுவில் பேசலாம்.

எல்லைப்புற ஊர்களாதலின் விடை இருமொழியில் வருகிறது. தமிழ் பேசும் வீடுகளில் 'வழக்கம்' என்கிறார்கள், தெலுங்கு பேசும் வீடுகளில் 'ஆனவாயிதி'. எந்த ஆண்டிலிருந்து, எவர் வகுத்தது என்பது அடுத்த கேள்வி. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் கூடுகையில் அதனைக் கேட்டுவரும்படி சொல்லியிருக்கிறோம்.