ஆறு ஷில்லிங்கில் ஆரம்பித்த ஆட்டம்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. அசைன்மெண்ட், வார இறுதியில் கிடங்கு வேலைன்னு நாள் ஓடிடுச்சு. போன பதிவுக்கு வந்த பின்னூட்டத்தில் ஒரு நண்பர், "இங்கிலாந்து போயும் கிரிக்கெட் பத்தி ஒரு வரி எழுதலையே?"ன்னு கேட்டிருந்தார். கிரிக்கெட் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. இன்னைக்கு நான் எழுதப்போறது ரக்பி லீக் பத்தி. ஓடிடாதீங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க :-)

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. லீட்ஸ் ஹெடிங்லியில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆஷஸ் மூணாவது டெஸ்ட். கிரிக்கெட் ஆஷஸ் இல்லை, ரக்பி லீக் ஆஷஸ். கடைசியா இந்தத் தொடர் நடந்தது 2003-ல். 22 வருஷம் கழிச்சு, நான் இருக்கிற ஊர்லேர்ந்து ரயில்ல கொஞ்ச நேரத்துல போயிடுற தூரத்துல நடக்குது. ஆனா அன்னைக்கு எனக்கு ஷிப்ட். வேலைக்குப் போகலைன்னா அன்றைய காசு கிடையாது. வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்கிற மாணவனுக்கு ஒரு ஷிப்ட்ங்கிறது அந்த வார மளிகைச் செலவு. ரெண்டு நாள் யோசிச்சேன். கடைசியில் ஷிப்டை விட்டுட்டுப் போனேன். இங்கிலாந்து 30-8ன்னு தோத்தது. தொடரும் 3-0. காசும் போச்சு, மேட்ச்சும் போச்சு.

திரும்பி வர்ற ரயில்ல உக்காந்து யோசிச்சப்பதான் ஒரு விஷயம் உறைச்சது. இந்த ஆட்டமே "ஷிப்டை விட்டா யார் காசு தருவா?" என்ற கேள்வியில் பிறந்ததுதான்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ரக்பி ஒண்ணு இல்லை, ரெண்டு. இலங்கை நண்பர்களுக்குக் கொழும்பு, கண்டிப் பள்ளிக்கூட ரக்பி நல்லாத் தெரியும். அது ரக்பி யூனியன், அணிக்கு 15 பேர். நான் சொல்ற ரக்பி லீக்கில் 13 பேர். நம்ம ஊர்க்காரங்களுக்குக் கபடின்னு சொன்னா சட்டுனு புரியும். பந்தோட ஓடி வர்றவனைப் பிடிச்சு அமுக்கணும். அமுக்கினதும் அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னாடி உருட்டி விடுவான். பின்னாடி நிக்கிறவன் அதை எடுத்துத் திரும்ப ஓடுவான். இப்படி ஆறு தடவை பிடிபட்டா பந்து எதிரணிக்குப் போயிடும். அவ்ளோதான்.

நான் படிக்கிற ஹடர்ஸ்ஃபீல்டில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தா ஒரு சதுக்கம். அதன் ஓரத்தில் ஜார்ஜ் ஹோட்டல். 2013-ல் மூடிட்டாங்க. வந்த புதுசுல அதைத் தினமும் கடந்து போவேன், ஏதோ பழைய கட்டடம்னு நினைப்பேன். 1895 ஆகஸ்ட் 29 அன்னைக்கு இந்த ஹோட்டல்லதான் வட இங்கிலாந்துக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி, "உங்க சங்கமே வேண்டாம்"னு இங்கிலாந்து ரக்பி சங்கத்தை விட்டு வெளியேறினாங்க.

காரணம் என்ன? யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடினவங்க பெரும்பாலும் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமையும் அரைநாள் வேலை உண்டு. மேட்ச் வெளியூர்ல இருந்தா காலையிலேயே கிளம்பணும், அந்த அரைநாள் கூலி போயிடும். அடிபட்டுப் படுத்தா வாரக் கூலியே போயிடும். எங்க தாத்தா கோவையில் மில்லில் வேலை பார்த்தவர். "ஒரு நாள் போகலைன்னா ஒரு நாள் அடுப்பு எரியாது"ன்னு சொல்வார். அவருக்கு இதை விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

கிளப்புகள் கேட்டது சம்பளம் இல்லை. ஆட்டத்துக்காக விட்ட கூலியை மட்டும் ஈடுகட்டணும், அவ்வளவுதான். 1893-ல் லண்டன்ல நடந்த சங்கக் கூட்டத்தில் இது ஓட்டுக்கு வந்தது. எதிரா 282, ஆதரவா 136. தெற்கத்திப் பெரிய மனுஷங்களுக்குக் காசு வாங்காம ஆடுறதுதான் கௌரவம். அந்தக் கௌரவத்துக்கு வசதி வேணும்கிறது மட்டும் அவங்க கண்ணுக்குப் படலை. ரெண்டு வருஷம் கழிச்சு ஜார்ஜ் ஹோட்டல் கூட்டம். முதல் சீசனில் 22 கிளப்புகள். விட்ட வேலைக்கு ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம்னு முடிவு.

ஆறு ஷில்லிங்குக்காக ஒரு விளையாட்டு ரெண்டா உடைஞ்சது. அதுக்கப்புறம் லீக் ஆடினவன் யூனியன் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது, ஆயுள் தடை. யூனியன்காரங்க ஒரு வழியா 1995-ல் வெளிப்படையா காசு கொடுக்க ஆரம்பிச்சாங்க. சரியா நூறு வருஷம் :-)

பிரிஞ்சு வந்தவங்க ஆட்டத்தையும் மாத்தினாங்க. காசு கொடுத்துப் பார்க்க வர்ற தொழிலாளிக்கு ஆட்டம் விறுவிறுப்பா இருக்கணுமே! 1906-ல் 15 பேர் 13 ஆனாங்க. பிடிபட்டவன் எழுந்து பந்தை உருட்டி விடுற முறையும் அப்பதான் வந்தது.

இது வடக்கு இங்கிலாந்துக்குள்ளேயே முடங்கிப் போயிருக்க வேண்டிய ஆட்டம். அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது எந்தச் சங்கமும் இல்லை, வெலிங்டன் தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் பாஸ்கர்வில்ங்கிற இளைஞன். 1907-ல் இவரே கடிதம் எழுதி, ஆளைத் திரட்டி, நியூசிலாந்திலிருந்து ஒரு அணியை இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுக் கிளம்பினார். ஆளுக்கு 50 பவுண்ட் சொந்தக் காசு போட்டாங்க. பேப்பர்காரங்க ஆல் பிளாக்ஸ்ங்கிற பேரைத் திருப்பி, "ஆல் கோல்ட்ஸ்"னு கிண்டல் பண்ணாங்க. தங்கத்துக்காக ஆடுறவங்களாம்!

போற வழியில் சிட்னியில் மூணு ஆட்டம். அங்கேயும் இதே புகைச்சல்தான். அலெக் பர்டன்ங்கிற ஆட்டக்காரர் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமக் கிடந்தப்போ சங்கம் கைவிட்டிருந்தது. 1907 ஆகஸ்டில் சிட்னியில் தனி லீக் உருவாச்சு. அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், முதல் பொருளாளர், யார் தெரியுமா? விக்டர் டிரம்பர். கிரிக்கெட் மேதை அதே டிரம்பர்தான்! (கிரிக்கெட் கேட்ட நண்பரே, உங்க கோட்டா முடிஞ்சுது.) சிட்னியின் அன்றைய பெரிய நட்சத்திரம் டாலி மெசஞ்சரும் நியூசிலாந்து அணியோட கப்பல் ஏறினார்.

வேடிக்கை என்னன்னா, அந்த அணி புது விதிகளில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை. இங்கிலாந்து வந்து இறங்கித்தான் கத்துக்கிட்டாங்க. 1908 ஜனவரி 1, வேல்ஸில் அபர்டேர்ங்கிற ஊரில் வேல்ஸுக்கும் நியூசிலாந்துக்கும் ஆட்டம். வேல்ஸ் 9, நியூசிலாந்து 8. இப்படி ஒரு புள்ளியில் தோத்தாலும், பிரிட்டிஷ் அணிக்கு எதிரான டெஸ்ட் தொடரை 2-1ன்னு ஜெயிச்சுட்டாங்க.

திரும்பும் வழியில் ஆஸ்திரேலியாவில் பாஸ்கர்வில்லுக்கு நிமோனியா வந்தது. 1908 மே 20 அன்னைக்கு பிரிஸ்பேனில் இறந்து போனார். வயசு 25. நம்மில் பாதிப் பேரோட வயசு. நியூசிலாந்து மண்ணில் நடந்த முதல் ரக்பி லீக் ஆட்டம், விதவையான அவர் அம்மாவுக்கு நிதி திரட்ட நடந்தது. இதை முதல் தடவை படிச்சப்போ கொஞ்ச நேரம் வேற எதுவும் படிக்க ஓடலை.

அடுத்தது பிரான்ஸ். காசு கொடுக்கிறாங்கன்னு சொல்லி 1931-ல் பிரிட்டிஷ் யூனியன்கள் பிரான்ஸை ஒதுக்கி வச்சாங்க. 1933-ன் கடைசி நாள், பாரீஸில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஒரு கண்காட்சி ஆட்டம் ஆடிக் காட்டினாங்க. 1934-ல் ஜான் கலியாவின் முயற்சியில் பிரான்ஸில் ரக்பி லீக் தொடங்கியது. அஞ்சே வருஷத்தில் ஐரோப்பிய சாம்பியன் ஆயிட்டாங்க. அந்த வேகத்தில் போயிருந்தா இன்னைக்குக் கதையே வேற. ஆனா போர் வந்தது, விஷி அரசு வந்தது. 1941 டிசம்பரில் மார்ஷல் பெத்தானின் அரசு ஓர் ஆணை போட்டு அந்தச் சங்கத்தையே கலைச்சது, சொத்துகளைப் பறிச்சது. ஒரு விளையாட்டை அரசாங்கமே ஒழிச்சுக்கட்டின கதை! போர் முடிஞ்சு ஆட்டம் திரும்பி வந்தும் "ரக்பி"ங்கிற பேரை வச்சுக்க விடலை. "பதின்மூவர் ஆட்டம்"னுதான் சொல்லிக்கணும். பேர் திரும்பக் கிடைச்சது 1990-களில்.

அப்படி அடிபட்ட பிரான்ஸ்தான் 1951-ல் ஆஸ்திரேலியாவுக்கே போய்த் தொடரை ஜெயிச்சது. சிகரெட்டும் கையுமாத் திரிஞ்ச புய்க் ஓபேர்தான் அதன் நாயகன். 1954-ல் ரக்பி லீக் உலகக்கோப்பையை முன்னெடுத்து நடத்தினதும் பிரெஞ்சுக்காரங்கதான். யூனியனுக்கு உலகக்கோப்பை வந்தது 1987-ல்! பாரீஸ் இறுதியாட்டத்தில் பிரிட்டன் பிரான்ஸை 16-12ன்னு ஜெயிச்சது. பெரிய ஆட்டக்காரங்க பலர் வராத, யாரும் மதிக்காத அந்த அணிக்கு கேப்டன் டேவ் வாலண்டைன். எங்க ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப் ஆட்டக்காரர்! (ஆறு மாசம் இருந்ததுக்கே "எங்க"ன்னு வந்துடுச்சு பாருங்க.)

ஆஸ்திரேலியர்கள் கொண்டுபோன ஆட்டம் பாப்புவா நியூ கினியாவில் தேசிய விளையாட்டாவே ஆயிடுச்சு. 800-க்கும் மேல மொழிகள் பேசுற நாடு அது. 1990-ல் கொரோகாங்கிற மலை ஊர்ல அவங்க பிரிட்டனை 20-18ன்னு தோற்கடிச்சாங்க. 2028-லிருந்து அவங்க அணி ஆஸ்திரேலிய லீக்கிலேயே ஆடப் போகுதுன்னு 2024 டிசம்பரில் அறிவிச்சாங்க.

என்னை இந்த ஆட்டத்துக்கு ரசிகனாக்கினது இதெல்லாம் இல்லை, டோங்கா. மக்கள்தொகை ஒரு லட்சம் சொச்சம்தான். டோங்கா வம்சாவளிப் பசங்க ஆக்லாந்திலும் சிட்னியிலும் பிறந்து வளர்ந்து, நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடுவாங்க. அங்கேதான் காசு. 2017 உலகக்கோப்பைக்குக் கொஞ்சம் முன்னாடி ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தை விட்டுட்டு டோங்காவுக்கு ஆடப் போறேன்னார். ஆண்ட்ரூ ஃபிஃபிடா ஆஸ்திரேலிய அணியில் கிடைச்ச இடத்தையே வேண்டாம்னார். பெரிய நாடுகள் தர்ற ஆட்டக் காசோட ஒப்பிட்டா டோங்காவால் கொடுக்க முடிஞ்சது ஒண்ணுமே இல்லை. தெரிஞ்சேதான் போனாங்க.

நவம்பர் 11, ஹாமில்டனில் டோங்கா 28, நியூசிலாந்து 22. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிரா 20-0ன்னு பின்தங்கி, கடைசி நிமிஷங்களில் மூணு ட்ரை போட்டு, 20-18ல் தோத்தாங்க. ஆக்லாந்து மைதானம் முழுக்க சிவப்புச் சட்டை, எல்லாரும் பாட்டு. வேற நாட்டில் பிறந்த பிள்ளைங்க, அப்பா அம்மா ஊருக்காக அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. கோவையில் என் லேப்டாப்பில் அந்த வீடியோவைப் பார்த்தப்போ டோங்கா வரைபடத்தில் எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. இங்கே வந்து புலம்பெயர்ந்த நம்ம குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்தப்புறம்தான் அந்த அழுகை முழுசாப் புரிஞ்சது.

2019 நவம்பரில் ஈடன் பார்க்கில் டோங்கா ஆஸ்திரேலியாவையே 16-12ன்னு சாய்ச்சது. அப்போ நிர்வாகச் சண்டையில், "டோங்கா அழைப்பு அணி"ங்கிற பேரில்தான் ஆட வேண்டியிருந்தது. 2022-ல் சமோவா, முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 60-6ன்னு உதை வாங்கிட்டு, அதே இங்கிலாந்தை அரையிறுதியில் 27-26ன்னு வீழ்த்தி உலகக்கோப்பை இறுதிக்கே போச்சு.

இப்போ நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். "தொழிலாளி தன் கூலியை இழந்து ஆடக் கூடாது"ன்னு 1895-ல் ஆரம்பிச்ச ஆட்டம் இது. ஆனா அதன் சர்வதேச வளர்ச்சி ஒவ்வொரு தடவையும், யாரோ தன் காசை இழந்ததால்தான் நடந்திருக்கு. பாஸ்கர்வில் ஆட்களின் 50 பவுண்ட், டௌமலோலோ, ஃபிஃபிடா விட்ட ஆட்டக் காசு. சங்கங்கள் என்ன செஞ்சுது? 2025 உலகக்கோப்பையை நடத்துறேன்னு சொன்ன பிரான்ஸ் பணப் பிரச்சினையால் 2023-ல் கையை விரிச்சது. அது 2026 அக்டோபர், நவம்பருக்குத் தள்ளிப் போய் ஆஸ்திரேலியா கைக்குப் போச்சு. ஆண்கள் அணிகள் 16-லிருந்து 10 ஆச்சு. ஆஷஸுக்கு 22 வருஷ இடைவெளி. கிளப் ஆட்டத்தில் கொழிக்கிற காசு எல்லை தாண்டினா வத்திப் போயிடுது.

தியாகத்தைப் பார்த்துக் கை தட்டுறது சுலபம். நானும் தட்டினேன். ஆனா 1893-ல் 282 பேர் சொன்னதும் அதுதானே? நாட்டுக்கு ஆடுறது பெருமை, காசு எதுக்குன்னு. டோங்கா பையனுக்கும் ஆஸ்திரேலியப் பையனுக்கும் நாட்டுக்காக ஆடினா ஒரே காசுன்னு ஆகுற அன்னைக்குத்தான் ஜார்ஜ் ஹோட்டல் கூட்டம் உண்மையிலேயே முடியும். அது வரைக்கும் இந்த ஆட்டம் தன்னோட ஆறு ஷில்லிங்கை மறந்த ஆட்டம்தான்.

நான் விட்ட ஷிப்டுக்கு யாரும் ஆறு ஷில்லிங் தரப் போறதில்லை. அடுத்த வாரம் பருப்பு சாதத்தோட ஓட்டினேன். இன்னொரு தடவை வாய்ப்பு வந்தாலும் போவேன்னுதான் நினைக்கிறேன்.

சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் இருக்கிற பதிவர்களே, 2026 உலகக்கோப்பை உங்க ஊர்ப் பக்கம்தான். போக முடிஞ்சா எனக்காக ஒரு சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டுப் போங்க.

டிஸ்கி: ஜெர்மன்காரங்க, அமெரிக்கக்காரங்க, "இது எங்க ஊர் ஃபுட்பால் மாதிரியே இருக்கே"ன்னு பின்னூட்டம் போட வேண்டாம். அதுக்குத் தனிப் பதிவு வருது :-)