சுவாசக்குழாய் நோக்கியும் சமூக உறவுகளும்: தெல்லிப்பழையை முன்வைத்துச் சில குறிப்புகள்

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கருவியை வாங்குவோரும் கழுவுவோரும் அதன்முன் படுத்திருப்போரும் அதில் இடம்பெறுவதில்லை. சுவாசக்குழாயினுள் நோக்கும் நெகிழ்கருவியை எவ்வாறு தெரிவது என்னும் வினா இவர்களையும் உள்ளடக்கியே ஆராயற்பாலது.

1897இல் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் குஸ்தாவ் கிலியன் விறைத்த உலோகக் குழாயைச் செலுத்தி, விவசாயி ஒருவரின் மூச்சுக்குழாயிற் சிக்கிய எலும்புத்துண்டை அகற்றினார். 1960களின் பிற்பகுதியில் யப்பானிய மருத்துவர் சிகெத்தோ இக்கேடா கண்ணாடி நார்களாலான நெகிழ்கருவியை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1980களில் நார்க்கற்றையின் இடத்தை நுனியிற் பொருத்திய நுண்கமெரா பெற்றது. ஒருவர் கண்டதைப் பலர் திரையிற் காணலாயினர். 2009 அளவில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் கருவி சந்தைக்கு வந்தது.

இம்மாற்றம் வெறும் தொழினுட்ப மாற்றமன்று. பல்லாண்டு பயன்பட்ட உழைப்புக் கருவி, மூலப்பொருள் போன்று ஒவ்வொரு முறையும் நுகரப்படும் பண்டமாயிற்று. மீளப் பயன்படுத்தும் கருவிக்குத் தொடக்கத்திற் பெருந்தொகை வேண்டும்; பின்னர் கசிவுச் சோதனை, தூரிகையாற் கழுவுதல், தொற்றுநீக்கம், உலர்த்தல் எனப் பயின்ற ஊழியரின் உழைப்பு வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் ஒருவரின் கிருமி மற்றவரை அடையலாம். வீசும் கருவி அவ்விடரைத் தவிர்க்கிறது. ஆயின் ஒவ்வொரு பரிசோதனையும் அந்நியச் செலாவணியைக் கோருகிறது. 2022இல் இலங்கையில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

தெல்லிப்பழைச் சூழலில் இவ்வினா கூர்மை பெறுகிறது. அயலிலுள்ள காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை இயங்கிற்று. குடாநாட்டின் புகையிலைச் செய்கையும் சுருட்டுத் தொழிலும் நெடிய வரலாறுடையன. தூசியும் புகையும் யாருடைய நுரையீரலிற் படிகின்றன என்பது வர்க்கம் சார்ந்த வினாவாகும். 1990இல் போர் வலிகாமம் வடக்கு மக்களை இடம்பெயர்த்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட நிதியைக்கொண்டு 2013இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இனம் கடந்த மக்களின் நன்கொடை அது. ஆயினும் நன்கொடை கட்டடத்தையும் கருவியையும் தரலாம். தொற்றுநீக்கியையும் ஊழியரின் வேதனத்தையும் நாள்தோறும் தருதல் அரசின் கடனாகும்.

எனவே, திசுத்துண்டு எடுப்பதற்குத் தெளிந்த படமும் போதிய அகலமுடைய உட்குழலும் கொண்ட மீள்பயன்பாட்டுக் கருவியும், கழுவுமிட ஊழியர் இல்லாத இரவுநேர அவசரங்களுக்கு வீசும் கருவியும் எனப் பிரித்துத் தெரிவதே பொது வைத்தியசாலைகளுக்குப் பொருந்துவதாகும். அத்தெரிவுக் குழுவில் மருத்துவரோடும் கணக்காளரோடும் கருவியைக் கழுவும் தொழிலாளிக்கும் ஓர் ஆசனம் வேண்டும். கருவியின் ஆயுளையும் நோயாளியின் பாதுகாப்பையும் நிர்ணயிப்பது அவ்வுழைப்பே.