சிரிக்கச் சிரிக்க ஒரு போர்க்கடிதம்

1999ஆம் ஆண்டு கோடையில் ஆரணியில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. எதிர்வீட்டு அத்தைக்குக் கடிதம் படித்துக் காட்டுவதும், அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இளங்கலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் மகன் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட். கார்கில் போர் தொடங்கியிருந்தது. கடிதத்தின் பின்பக்கம் '56 ஏ.பி.ஓ.' என்று இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. அத்தைக்கு எழுத்து தெரியாது. மாமாவுக்குத் தெரியும், ஆனால் முப்பது வருடம் குழித்தறியில் ஜரிகை பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டிருந்தது.

கடிதங்கள் எல்லாம் சிரிப்பாக இருக்கும். ஊசி போட வந்த ஒரு சுபேதார், சட்டைக் கையை மடித்ததுமே மயங்கி விழுந்த கதை. அந்த உயரத்தில் பருப்பு வேகாததால் பல்தான் வெந்துபோகிறது என்ற புகார். மருந்துப்பெட்டி சுமந்து வந்த கோவேறு கழுதை கூடாரத்துக்குள் தலையை நுழைத்து நிற்க, சீட்டு வாங்காமல் உள்ளே வந்த நோயாளி என்று டாக்டர் அதை விரட்டிய கதை. அத்தை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே கேட்பாள். கழுதைக் கதையை மூன்று முறை படிக்கச் சொன்னாள். "அவன் சின்னதுல இருந்தே இப்படித்தான், துக்க வூட்லயும் சிரிக்க வெப்பான்" என்பாள்.

அந்தக் கடிதங்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பது எனக்குப் பல வருடம் கழித்து, ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 'மாஷ்' என்பது அதன் பெயர். கொரியப் போரில் இயங்கிய நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனை ஒன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். 1972இல் தொடங்கி 1983 வரை ஓடியது. மூன்று வருடம் நடந்த போரைப் பதினொரு வருடம் சொன்னார்கள். வியட்நாமில் இன்னொரு போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கிய தொடர் என்பதால், கொரியா என்ற பெயரில் எதைப் பேசுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அதன் முதல் பருவத்தில் 'அன்புள்ள அப்பா' என்றொரு அத்தியாயம். கிறிஸ்துமஸ் சமயம். அறுவை மருத்துவர் ஹாக்ஐ, ஊரிலிருக்கும் தன் தந்தைக்குக் கடிதம் எழுதுகிறார். முகாமில் நடக்கும் கூத்தெல்லாம் அந்தக் கடிதம் வழியாகவே நமக்கு வருகிறது. எழுத்தராக இருக்கும் பையன் ஒரு ஜீப்பைப் பாகம் பாகமாகக் கழற்றித் தபாலில் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஹாக்ஐ கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தைக் கலைக்கக்கூட நேரமில்லாமல் ஹெலிகாப்டரில் போய், போர்முனையில் அடிபட்டுக் கிடக்கும் சிப்பாயிடம் இறங்குகிறார். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கோவேறு கழுதை நினைவுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குக் கடிதம் என்ற இந்த உத்தி அந்தத் தொடருக்கு மிகவும் பிடித்துப்போனது. படைத்தலைவர் மனைவிக்கு எழுதினார். இன்னொரு மருத்துவர் மனைவிக்கு எழுதினார். பாதிரியார், கன்னியாஸ்திரியான சகோதரிக்கு எழுதினார். எழுத்தர் பையன் அம்மாவுக்கு எழுதினான். மனநல மருத்துவர், இறந்துபோன சிக்மண்ட் ஃப்ராய்டுக்கே எழுதினார். இத்தனை 'அன்புள்ள' தலைப்புகளில் தலைமைச் செவிலியர் மார்கரெட் எழுதுவதாக ஒன்றுகூட இல்லை. அந்த முகாமில் எல்லாரையும் போலத் தூக்கமில்லாமல் ரத்தத்தில் நின்றவள் அவள். ஆனால் ஆண்களின் கடிதங்களில் அவள் வேடிக்கைப் பொருளாக வருவாள், உதட்டை வைத்து அவளுக்குச் சூட்டிய பட்டப்பெயரோடு. செவிலியர்களின் தனிமையைப் பற்றி அந்தத் தொடர் நின்று பேசிய அத்தியாயம் 1976இல் வந்தது. அதை எழுதியவர் லிண்டா பிளட்வொர்த் என்ற பெண். இத்தனை நாளில் ஒருவராவது எனக்கு ஒரு வாய் காபி வேண்டுமா என்று கேட்டதுண்டா என்று மார்கரெட் தன் செவிலியர்களிடம் உடைந்து கேட்பது அதில்தான்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. தொடக்கக் கடிதங்களில் ஹாக்ஐ ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்கு அன்பு சொல்லி முடிக்கிறார். பின்னால் வந்த பருவங்களில், அவர் சிறுவனாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டதாகக் கதை மாறிவிட்டது. எழுதியவர்களுக்கு அவள் தேவைப்படவில்லை. கடிதம் பெற்றுக்கொண்டிருந்த ஒரு தாய் யாருக்கும் சொல்லாமல் காணாமல் போனாள்.

கொரியப் போர் நமக்குத் தூரத்துக் கதையல்ல. அதில் எங்கள் வட ஆற்காட்டுப் பெயர் ஒன்றும் உண்டு. இந்தியா அந்தப் போருக்குச் சண்டையிடும் படையை அனுப்பவில்லை, ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பியது. 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற, 300க்கும் மேற்பட்டவர்கள் கொண்ட அந்தப் பிரிவின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' ஆற்காடு, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். இந்தியாவில் முதன்முதலில் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர் அவர். 1950 நவம்பரில் அவர்கள் கொரியாவில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே சீனப் படை முன்னேற, பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கும்படி ஆயிற்று. மருத்துவக் கருவிகளை ஏற்றிப்போகப் போதிய வண்டி இல்லை. கருவியில்லாமல் போனால் மருத்துவமனை என்று ஒன்று இருக்காது. அவர்கள் ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். பாலங்கள் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் ரயில் தெற்கே வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, முன்சான்னியில் அமெரிக்கப் பாராசூட் படையோடு ரங்கராஜும் அவருடைய ஆட்கள் சிலரும் குதித்துக் காயம்பட்டவர்களுக்கு அங்கேயே அறுவை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

டாக்டர்கள் ரயிலைக் கிளப்பிக்கொண்டு வந்த கதையைவிட நல்ல வேடிக்கைக் கதை 'மாஷ்' தொடரிலும் இல்லை. அந்த வாளி வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்கு எழுதியபோது இதை எப்படி எழுதியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. இஞ்சினுக்குத் தண்ணி காட்டினோம் என்று எழுதியிருக்கலாம். பின்னால் வந்துகொண்டிருந்த படையைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு வீட்டின் அடுப்படியில் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவள், எழுதாததையும் சேர்த்தே வாங்கியிருப்பாள். பதக்கத்தின் வரலாற்றில் அவளுக்கு இடமில்லை.

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு வீடு சிப்பாய் என்று பெயரெடுத்த ஊர். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து அந்த மாதிரி ஊர்களுக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்தப் போரில் பிரான்சில் அடிபட்டு, இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் கிடந்த இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. யாரோ ஒருவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். நடுவில் தணிக்கை அதிகாரி படித்தார். ஊரில் இன்னொருவர் உரக்கப் படித்துக் காட்டினார். நான்கு பேர் கை மாறித்தான் ஒரு 'நலம்' வீடு வந்தது. அந்தக் கடிதங்களில் கணிசமானவை இன்றும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், தணிக்கைக்காரர்கள் அவற்றை மொழிபெயர்த்து நகலெடுத்து வைத்ததுதான். அரசாங்கம் சந்தேகப்பட்டதால் தப்பிய கடிதங்கள் அவை. உரக்கப் படித்தபோது வீட்டில் என்ன நடந்தது என்பதை எந்த அரசாங்கமும் நகலெடுக்கவில்லை.

எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல முடியும்.

ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல் சிரிப்பு. கேப்டனின் காலுறை கெட்டிலில் விழுந்து, அந்தத் தேநீரை எல்லாரும் ருசியாக இருக்கிறதென்று குடித்த கதை. அதற்கும் அடுத்த வேடிக்கைக்கும் நடுவே ஒரு வரி. ஸ்ட்ரெச்சரில் வந்த ஒரு பையன் இவன் கையை விடவே இல்லையாம். புரியாத பாஷையில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தானாம். அம்மாவைக் கேட்கிறான் என்பது மட்டும் புரிந்ததாம், விடியற்காலையில் போய்விட்டானாம். அடுத்த வரியில் மறுபடியும் பருப்பு.

நான் அந்த வரியைத் தாண்டினேன். தீர்மானித்துச் செய்யவில்லை. கண் தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டது.

ராட்டை நின்றது. "இந்த எடத்துல மூச்சு வுட்டியே, இன்னா இருக்குது?" என்றாள் அத்தை.

"எழுத்து புரியல அத்தை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. இழையின் அறுந்த முனையைத் தேடி முடிச்சுப் போட்டாள். "புரியலன்னா வுடு" என்றாள்.

பிறகு பதில் சொன்னாள், நான் எழுதினேன். 'நலம், நலமறிய ஆவல்' என்பதை அவள் சொல்லமாட்டாள், நானே போட்டுக்கொள்வேன். தறி நன்றாக ஓடுகிறது, ஆடிக்குள் ஒரு பாவு முடிந்துவிடும் என்றாள். உண்மையில் இரண்டு மாதமாகத் தறியில் பாவே இல்லை. மாமாவின் கண்ணுக்காக முதலாளி வேறு ஆளிடம் பாவு கொடுத்துவிட்டார். அத்தை சுற்றிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுத் தறிக்கான தார். மாமா வெள்ளாட்டைக் கன்றுக்குட்டி என்று நினைத்துத் தடவிக்கொடுத்ததை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்லி எழுத வைத்தாள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மலையிலிருந்து வந்த சிரிப்புக்கு ஆரணியிலிருந்து போன சிரிப்பு சரியாக இருந்தது. கையெழுத்து என்னுடையது என்பதால், அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

'மாஷ்' தொடரில் பின்னணியில் சிரிப்பொலி கேட்கும். அதைத் தொலைக்காட்சி நிறுவனம் வற்புறுத்திச் சேர்த்தது. அறுவை அரங்கக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் வாதாடிப் பெற்றார்கள். கத்தியும் நூலும் பேசும் இடத்தில் யாரும் சிரித்துக் காட்ட வேண்டியதில்லை. நமது வீடுகளில் அப்படி வாதாட ஆள் கிடையாது. கடிதம் சிரிப்பாக வந்தால் பெண் சிரித்துத்தான் ஆகவேண்டும். அவள் சிரித்தாள் என்ற செய்தி போனால்தான் அங்கே இருப்பவன் அடுத்த ஸ்ட்ரெச்சரைத் தூக்குவான். போர்க்கால நகைச்சுவை என்று நாம் கொண்டாடுவதில் பாதி வேலை இப்படிக் கேட்டுச் சிரித்தவர்கள் செய்தது. தார் சுற்றுகிறவளை யாரும் நெசவாளி என்று எழுதிக்கொள்ளாததைப் போல, அதையும் யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஆனால் அன்றைக்கு அத்தை சிரித்ததோடு நிறுத்தவில்லை. கடிதத்தை மடிக்கப் போனபோது, "இரு, இன்னொண்ணு எழுது" என்றாள். "உன் எழுத்து சில எடத்துல புரியலன்னு பாப்பா சொல்லுது. பரவால்ல, புரியாததையும் எழுது. பாப்பா படிச்சிக்கும்."

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களிலும் வேடிக்கைக்கு நடுவே இரண்டு வரி, மூன்று வரி எனக்காக இருந்தது. நான் அந்த இடங்களில் மூச்சு விடுவேன். அத்தை ராட்டையை நிறுத்திக் காத்திருப்பாள், பிறகு சுற்றுவாள். என்ன எழுதியிருந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் அந்தப் பாரத்தை என்மேல் வைத்தாளே என்று பிற்பாடு எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. தன் மகன் தனியாகச் சுமக்கக் கூடாதென்று அவள் கண்டுபிடித்த வழி அது என்று இப்போது தெரிகிறது.

அவன் அந்தத் தீபாவளிக்கு ஊர் வந்தான். கழுதைக் கதையைத் தெருவே கேட்கச் சொன்னான். என்னிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. அத்தை போய்ப் பல வருடமாகிறது. அவன் எழுதிய கடிதங்கள் அவளுடைய தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்தன. அவள் சொல்லி நான் எழுதியவை ஒன்றுகூட மலையிலிருந்து திரும்பவில்லை.